கோடிக்காரர் முதலில் இறங்கட்டும்

அத்தியாயம் பதினேழு

அக்காள் அன்னக்கொடி செத்துப்போனது கருத்தக்கண்ணனுக்குத் தெரியும். அவனுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் மலைச்சாமிக்குத் தெரியாது.

விமானம் மதுரையில் இறங்கி, ஓடி, நின்று, மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. கதவைத் திறந்தார்கள். படி மட்டும் வரவில்லை. இறங்கத் தயாராக எழுந்து நின்ற கூட்டம் நின்று பார்த்து, கால் வலித்து, முனகிக்கொண்டே திரும்ப உட்கார்ந்துவிட்டது.

விட்ட இடத்தை ஒருமுறை தொட்டுக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்த கிணற்றுப் புஞ்சையை அண்ணன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார் என்று தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூத்தவன் செய்ததைக் கேட்க நீ யார் என்று அண்ணன் முறுக்கிக்கொண்டார். இவன் அம்பத்தூரில் லேத் பட்டறை ஃபோர்மேன். அவர் வண்ணாரப்பேட்டையில் இரும்புக்கடை. ஒரே மெட்ராஸில் இருந்துகொண்டு ஒன்பது வருஷமாக ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்கவில்லை. இருவருக்கும் நடுப்பிறப்பான அன்னக்கொடி, பேரையூரில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு பக்கமும் பேசிப் பேசி அலுத்துப்போனாள். கடைசியில் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"வந்தா ரெண்டு பேரும் சேந்து வாங்க. இல்லாட்டி ஒருத்தனும் எட்டிப் பாக்க வேணாம்" என்று சொல்லியனுப்பினாள்.

தங்கமான பிள்ளைகள்! உடன்பிறந்தவள் சொல்லைத் தட்டாமல் இரண்டு பேருமே எட்டிப் பார்க்கவில்லை.

இன்று காலை பட்டறைக்கு டிரங்க்கால் வந்தது. அன்னக்கொடியின் மகன் மலையாண்டி பேசினான். இருபத்தைந்து வயசுப் பையன், குரல் உடைந்து கிடந்தது.

"சின்ன மாமா, அம்மா போயிருச்சு. வெடியக் காலம். பெரிய மாமாவுக்குத் தந்தி அடிச்சிருக்கோம். பொழுது அடையுமுன்ன எடுத்துரணும்னு பெரியாளுக சொல்றாக. பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எப்படி மாமா எடுக்க? எப்படியாச்சும் வந்துருங்க."

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தாலியோடு போகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் புதுச்சேலையான கோடிதான் கடைசி மரியாதை. உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதன் பிறகுதான் பாடையில் கை வைப்பார்கள். வரவேண்டியவன் வரவில்லையா, இருட்டும்வரை பார்த்துவிட்டு யாரோ ஒரு தூரத்துப் பங்காளியைப் பிடித்து ஒப்புக்கு ஒரு சேலையைப் போடச் சொல்வார்கள். நாதியத்த பொம்பளை என்று ஊர் பேசும். அன்னக்கொடிக்கு அந்தப் பேர் வரக்கூடாது. கருத்தக்கண்ணனுக்கு இப்போது உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

ரயிலில் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேர முடியும். முதலாளியே யாரையோ பிடித்து விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்து, மலையாண்டிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். தெரிந்த ஜவுளிக்கடைக்காரரை வீட்டிலிருந்து கிளப்பிக் கடையைத் திறக்க வைத்து, அரக்குச் சிவப்பில் ஒரு நூல்சேலை எடுத்தான். மனைவி ரெங்கம்மாள் பிள்ளைகளோடு பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். அவர்கள் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்றபோது முன்னால் அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தான். போய்த் தோளைப் பிடித்து ஓவென்று அழுதுவிடலாம் என்று காலை எடுத்தும் வைத்துவிட்டான். அப்போதுதான் அண்ணன் கையைக் கவனித்தான். ஒரு கையில் சாத்துக்குடிக் கூடை. இன்னொரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

எடுத்த கால் அப்படியே நின்றது.

அட கடவுளே, மனுஷன் தந்தியை நம்பிவிட்டார்!

சாவுக்குச் சாவு என்று தந்தி அடிக்கிற வழக்கம் பேரையூர்ப் பக்கம் கிடையாது. 'அன்னக்கொடி சீரியஸ், உடனே புறப்படவும்' என்றுதான் வரும். தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தும்போதே வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். பிரித்துப் படிப்பதெல்லாம் பிறகு. மலைச்சாமிக்கும் இது தெரியாததா? தெரிந்ததுதான். ஆனால் முப்பது வருஷ மெட்ராஸ் வாழ்க்கையில், சீரியஸ் என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் டாக்டர், டாக்டர் என்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்று புத்தி வேறு பக்கம் பழகிவிட்டது. அல்லது, நம்ப வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்ததோ என்னவோ.

விமானம் ஏறிய பிறகாவது சொல்லியிருக்கலாம். கருத்தக்கண்ணன் எழவும் எழுந்தான். அந்தச் சமயம் பார்த்து மலைச்சாமி பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"ஏம்மா, நாளைக்குத் திரும்பும்போது எங்கூட ஒரு நோயாளி வருவாக. எந்தங்கச்சி. சாய்ஞ்சு படுக்கிற மாதிரி எடம் ஏதும் ஒதுக்கித் தருவீகளா? மெட்ராஸ்ல பெரிய டாக்டர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

காதில் விழுந்ததும் தம்பி பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பேசுகிற முதல் வார்த்தை இதுவாகவா இருக்க வேண்டும்? மதுரையில் இறங்கியதும் மாப்பிள்ளை மலையாண்டி சொல்லிக்கொள்ளட்டும், ஒரு மணி நேரந்தானே என்று மனசைச் சமாதானம் செய்தான். ஒரு மணி நேரம் என்று நினைத்தது இப்போது பொழுது சாயும் நேரத்துக்கு வந்துவிட்டது.

படி ஏன் வரவில்லை என்பதும் மெல்ல மெல்ல உள்ளே வந்து சேர்ந்தது. மூட்டை இறக்குவதும் படிவண்டி உருட்டுவதும் ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள். அவர்களில் ஒருவனைக் கான்ட்ராக்டர் காலையில் வேலையை விட்டு நிறுத்திவிட்டான். மற்றவர்கள் அத்தனை பேரும் படிவண்டியைச் சுற்றிச் சக்கரத்துக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவனைத் திரும்ப எடுத்தால் படி நகரும், இல்லாவிட்டால் நாங்களும் நகரமாட்டோம் என்பது அவர்கள் கட்சி. கான்ட்ராக்டர் அதன் பிறகு வெளியூர் போய்விட்டான். டை கட்டிய அதிகாரி ஒருவர் விமானத்துக்கும் படிவண்டிக்கும் நடுவே நடந்து நடந்து சட்டை நனைந்துபோனார். கதவிலிருந்து தரை ஒன்றரை ஆள் ஆழம். குதிக்கலாம் என்று எட்டிப் பார்த்தவர்களைக் கீழே நின்ற போலீஸ்காரர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று லத்தியை ஆட்டி விரட்டினார்.

உள்ளே வெக்கை தாங்கவில்லை. குழந்தை ஒன்று அழுது அழுது தொண்டை கட்டிப்போய்விட்டது. குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சஃபாரி சூட் போட்ட ஒருவர், மந்திரிக்கு எழுதப்போவதாகப் பத்தாவது தடவையாகச் சொன்னார்.

ஜன்னல் வழியே வேலி தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை அம்பாசடர். அதன் பக்கத்தில் மலையாண்டி நிற்பதும் நடப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். கருத்தக்கண்ணன் பார்த்த அதே நேரம் மலைச்சாமியும் பார்த்துவிட்டார்.

"அங்க பாருங்க, எம்மருமகன்!" என்றார் பக்கத்து சீட்டுக்காரரிடம். குரலில் அப்படியொரு தெம்பு. "பெத்தவளுக்கு ரொம்ப முடியலைன்னா மகன் பக்கத்துல இல்லாம இங்கிட்டு வருவானா? அப்ப தங்கச்சிக்குத் தேவலைன்னு அர்த்தம். இப்பத்தான் உசுரு வந்துச்சு."

"கவலைப்படாதீங்க சார், கடவுள் இருக்கான்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

கருத்தக்கண்ணன் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இத்தனை பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில், அக்காள் செத்த சங்கதி அவன் ஒருத்தனுக்குள் மட்டும் கிடந்தது. வாய்விட்டு அழக்கூட முடியாது. அழுதால் அவர் திரும்பிப் பார்ப்பார். இப்படியொரு அனாதைத்தனத்தை பெற்றவர்கள் போனபோதுகூட அவன் அனுபவித்ததில்லை. அன்றைக்குக் கட்டிக்கொண்டு அழ அக்காள் இருந்தாள், அண்ணன் இருந்தார்.

வெயில் மஞ்சளாக மாற ஆரம்பித்தது. இனிமேல் கிளம்பினால்கூடக் கப்பலூர் தாண்டி, திருமங்கலம் தாண்டி, பேரையூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். இனியும் உட்கார்ந்திருந்தால் யாரோ ஒரு பங்காளியின் சேலையில்தான் அக்காள் போவாள்.

எழுந்தான். அண்ணனைக் கடந்துதான் கதவுக்குப் போக வேண்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கடந்தான். மலைச்சாமி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

கதவில் நின்று கீழே பார்த்தான். படிவண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நடுவாக ஒரு கறுத்த திடமான ஆள், தலையில் துண்டோடு. மற்றவர்கள் அவரை நல்லகாமண்ணே என்று கூப்பிடுவதை மதியத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே! நல்லகாமண்ணே!"

அவர் நிமிர்ந்தார்.

"கொஞ்சம் அவசரம்ணே. என்னைய மட்டுமாச்சும் எறக்கி விடுங்க."

"அம்புட்டுப் பேருக்கும் அவசரந்தான். எங்காளுக்கு வேலை போச்சே, அது அவசரம் இல்லையா? போய் உக்காருங்க சார்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நாலடி பின்னால் அண்ணன் இருக்கிறார். வாயைத் திறந்தால் அவர் காதில் விழும். கருத்தக்கண்ணன் சொல்லவில்லை. பையைத் திறந்து, மடிப்புக் கலையாத சிவப்புச் சேலையை எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி நல்லகாமனுக்கு நேராக நீட்டினான்.

நல்லகாமன் ஒரு கணம் பார்த்தார். தலைத்துண்டு தன்னால் இடுப்புக்கு இறங்கியது. எழுந்து நின்றார்.

"கேதமாய்யா?"

தலையை ஆட்டினான்.

"அடப்பாவிகளா!" என்று தன் ஆட்களிடம் திரும்பி ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், வேலிக்கு அந்தப் பக்கமே கேட்டிருக்கும். "மேல பொறந்த வீட்டுக் கோடி வச்சுக்கிட்டு ஆளு நிக்கிதுடா! நம்ம பாட்டுக்கு இங்க உக்காந்து பொணத்த மறிச்சுக்கிட்டிருக்கோம்! எந்திரிங்கடா, படிய உருட்டுங்க!"

ஒருத்தன் மறுபேச்சுப் பேசவில்லை. வண்டிச் சக்கரம் கிரீச்சென்று நகர்ந்தது. டை கட்டியவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எந்த ஊருங்கய்யா?" என்று நல்லகாமன் மேலே பார்த்துக் கேட்டார்.

"பேரையூரு."

"இன்னும் எடுக்கலையே? எறந்தது யாரு?"

பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? படியைத் தள்ளிக்கொண்டு வருகிற மனுஷன் கேட்கிறார்.

"எங்க அக்காண்ணே. அன்னக்கொடி."

சொன்ன பிறகு திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மிக அருகில், ஒன்பது வருஷமாகக் கேட்காத குரல் கேட்டது.

"தந்தியில சீரியஸ்னுதான இருந்துச்சு?"

திரும்பினான். மலைச்சாமி எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் அதே கூடை, அதே பாட்டில்.

"அண்ணே…" என்றான். "நம்ம ஊர்ல வேற எப்படிண்ணே தந்தி அடிப்பாக?"

மலைச்சாமியின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அழவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஓடிவந்து அவர் கையிலிருந்த சாமான்களை மெதுவாக வாங்கிக்கொண்டார். கொடுத்ததுகூட அவருக்குத் தெரிந்ததாக இல்லை. தம்பியின் கையிலிருந்த சேலையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி சேலையைப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில."

"மெட்ராஸ்லயேவா?"

"ம்."

"நான் அந்தப் பொண்ணுகிட்டப் படுக்க எடம் கேட்டனே, அப்ப நீ பின்னாடிதான இருந்த?"

"இருந்தேண்ணே."

"இருந்து, கேட்டுக்கிட்டு, சும்மா உக்காந்திருந்த."

இதற்கு என்ன சொல்வது? சொல்ல வாய் வரலைண்ணே, பயமா இருந்துச்சுண்ணே, நீங்களே மொதல்ல பேசுவீங்கன்னு பார்த்தேண்ணே — எல்லாம் உண்மைதான். கையிலிருந்த சேலையின் மடிப்பை நீவிவிட்டான்.

படி வந்து விமானத்தில் முட்டியது. இத்தனை நேரம் காத்திருந்த கூட்டம் கதவுப் பக்கம் நெருக்கியது. நல்லகாமன் கீழே நின்று கையை நீட்டித் தடுத்தார்.

"கோடிக்காரரு மொதல்ல எறங்கட்டும்! அப்பறம் மத்தவங்க வாங்க. படி போட்டாச்சு, இனி யாரையும் மறிக்கல. ஆனா மூட்டைய மட்டும் தொடமாட்டோம், அதுல மாத்தமில்ல!"

சஃபாரி சூட்காரர் உள்பட எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். அண்ணன் முன்னால் இறங்கினார். தம்பி பின்னால் இறங்கினான். நல்லகாமனும் ஆட்களும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

வெளி கேட்டில் மலையாண்டி ஓடிவந்து பெரிய மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "மாமா, அம்மா போயிருச்சு மாமா" என்று அவன் குரலெடுத்த பிறகுதான் மலைச்சாமிக்கு அழுகை வந்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதார். "ஏந்தாயி, ஏந்தாயி, ஒன்னைய மெட்ராசுக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்னு வந்தனே" என்று காரின் மேல் நெற்றியை முட்டிக்கொண்டார். கருத்தக்கண்ணன் ஓரமாக நின்றான். அவனுக்கும் அந்த அழுகையில் பங்கு உண்டு. போய்ச் சேர்ந்துகொள்ள யாரும் கை நீட்டவில்லை.

"நேரமாச்சு மாமா" என்றான் மலையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சித்தப்பாமாரு பங்காளி ஒருத்தரச் சேலை எடுத்துட்டு வரச் சொல்லி ஆள் விட்டுட்டாக. நம்ம போய்ச் சேந்துட்டா அத நிறுத்திரலாம்."

மலைச்சாமி தன் இரண்டு வெறுங்கையையும் விரித்துப் பார்த்தார். மூத்தவர் அவர். கோடி அவர் கையால் விழுவதுதான் முறை. அவரிடம் கோடி இல்லை.

கருத்தக்கண்ணன் கிட்டே போனான். காலையிலிருந்து யாரிடமும் விடாமல் மடியிலேயே வைத்திருந்த சேலையை நீட்டினான்.

"மூத்தவக கையால போடணும்ணே. இந்தாங்க."

வாங்கிக்கொண்டார். மார்போடு அணைத்துப் பிடித்தார். தம்பியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். மலையாண்டி மறுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"சின்ன மாமா, ஏறுங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. சத்தமில்லை, கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பொறந்த வீடு ஏறியாச்சு. வண்டிய எடுக்கச் சொல்லு."

மலையாண்டி இரண்டு மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். "பெரிய மாமா, இந்த நேரத்துலயா?" என்றான். மலைச்சாமி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்திருந்த கதவு வழியாக ஏறி உட்கார்ந்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஏறலாம். ஏறினால் உள்ளே வாக்குவாதம் வரும். இறங்கு என்பார், மாட்டேன் என்பான், பொழுது அடைந்துவிடும். கருத்தக்கண்ணன் தானே கதவைச் சாத்தினான்.

"போங்க மாப்ள. அக்காவ இருட்டுல எடுக்க வச்சிராதீக. நான் பின்னாடியே பஸ்ஸப் பிடிச்சு வாரேன்."

"பஸ்ஸுல வந்தா அம்மா மொகத்தப் பாக்க முடியாது மாமா!"

"தெரியும். நீங்க போங்க."

மலையாண்டி அழுதுகொண்டே முன்சீட்டில் ஏறினான். வண்டி கிளம்பியது. கருத்தக்கண்ணனுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்தது. துணைக்கு ஒருத்தர் இல்லாமல், நடுரோட்டில், பட்டறைச் சட்டையின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அதற்குள் விமானத்திலிருந்து இறங்கியவர்கள் கேட்டைத் தாண்டி வர ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தைக்காரப் பெண் அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"அண்ணே, ஒங்களாலதான் நாங்க எறங்குனோம். நீங்க இன்னும் கெளம்பலையா?"

"எங்க வீட்டு ஆளு போயிட்டாகம்மா" என்றான்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அம்பாசடர் ரோட்டு வளைவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

குறுக்கே ஆட்டு மந்தை ஒன்று போயிற்று. அதற்காக நின்றதோ? மந்தை கடந்து முடிந்தது. வண்டி இன்னும் கிளம்பவில்லை. பின் கண்ணாடியில் அண்ணனின் தலை தெரிந்தது. அது திரும்பவில்லை. கதவும் திறக்கவில்லை.

ஓடினால் பிடித்துவிடலாம். கிட்டத்தில் போகும்போது கதவு திறக்காமல் வண்டி கிளம்பிவிட்டால்? இத்தனை பேர் பார்க்க, அக்காள் செத்த நாளில், அந்த அவமானத்தை அவனால் தாங்க முடியாது. கூப்பிட்டால் போகலாம். ஒரு கை, ஒரே ஒரு கை வெளியே நீண்டால் போதும்.

கருத்தக்கண்ணன் ஓடவில்லை. வண்டியைப் பார்த்து நடந்தான்.